பவுனம்மா லேமினேட் செய்த சீட்டு

முப்பத்தெட்டு

காற்று ஊதிப் பார்க்கும் மெஷினில் பவுனம்மாவின் இடது கண்ணுக்கு முப்பத்தெட்டு என்று வந்தது. மெஷின்தான் மக்கர் பண்ணுகிறது என்று நினைத்து மறுபடி ஊதினேன். முப்பத்தொன்பது. கண்ணுக்குள் இருக்கும் அழுத்தம் இருபத்தொன்றைத் தாண்டினாலே ஆபத்து. வலது கண்ணைப் பார்த்தேன். நாற்பத்திரண்டு.

“இன்னா மேடம், ஊதி ஊதி வெளையாடிக்கினு கீற? கண்ணாடி எய்தி குடு, நான் போவணும். பொயுது ஏறுனா மீனு நாறிடும்” என்றாள் பவுனம்மா, மோவாயை மெஷினில் வைத்தபடியே.

நான் மயிலாப்பூரில் மாட வீதியை ஒட்டிய ஒரு சந்தில், ஒரே கண் கிளினிக்கில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தவள். படிப்பின்படி ஆப்டோமெட்ரிஸ்ட். வருகிறவர்களுக்குக் ‘கண்ணாடி மேடம்’. டாக்டர் பார்ப்பதற்கு முன்னால் பவர் பார்ப்பது, பிரஷர் பார்ப்பது, சொட்டு மருந்து ஊற்றிக் கண்ணை மூடி உட்கார வைப்பது எல்லாம் என் பாடு. ஒரு டாக்டர் ஆரம்பித்த கிளினிக்கை இப்போது அவர் மகள் நடத்துகிறாள். அவரைப் பெரிய டாக்டர் என்போம். வயதாகிவிட்டதால் இப்போது வருவதில்லை. மகளை நான் பள்ளிக்கூட யூனிஃபார்மில் பார்த்திருக்கிறேன். தனியாக இருக்கும்போது எனக்கு அவள் ‘பாப்பா’, அவளுக்கு நான் ‘வசந்தா ஆன்ட்டி’. பேஷண்ட் இருந்தால் அவள் டாக்டர், நான் மேடம்.

பவுனம்மா நொச்சிக்குப்பத்தில் ரோட்டோரம் மீன் விற்கிறவள். வயது ஐம்பதைத் தாண்டி ஒன்றிரண்டு இருக்கும். அலைச் சத்தத்தை மீறிக் கூவி விற்றுப் பழகிய குரல். எங்கள் ஹாலில் அவள் பேசினால் தெருவில் போகிறவர் நின்று பார்ப்பார். அன்றைக்கு வந்தது கண்ணாடி மாற்ற.

“சோத்தாங்கை பக்கம் வர்றவன் தெரியல மேடம். முந்தாநேத்து ஐஸ் பொட்டி தூக்கிக்கினு வந்தவன் மேல போயி மோதிட்டேன். அவன் என்னப் பாத்து, ‘காலீலயே குடிச்சிட்டியா’ன்னு கேக்கறான்!” என்று சொல்லி அவளே சிரித்தாள்.

படிக்கத் தெரியாதவர்களுக்கு வேறு சார்ட் இருக்கிறது. ஆங்கில எழுத்து ஒன்றே ஒன்று, நாலு பக்கமும் திரும்பித் திரும்பி நிற்கும். அதன் மூன்று கால் எந்தப் பக்கம் நீட்டியிருக்கிறது என்று விரலால் காட்டினால் போதும். கையால் கண்ணை மூடச் சொன்னால் எல்லாரும் விரலிடுக்கில் பார்த்துவிடுவார்கள் என்பதால் நானே மூடியை வைத்து இடது கண்ணை மறைத்தேன். வலது கண்ணுக்கு மேல் வரிசைகூடத் தெரியவில்லை. பக்கத்தில் போய் என் கையைக் காட்டி எத்தனை விரல் என்று கேட்டேன்.

“மூணு... இல்ல, ரெண்டா?”

ஐந்து விரலையும் விரித்துக் காட்டியிருந்தேன்.

அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது. மூடியைத் தட்டிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். “இன்னா மேடம் இது? இந்தக் கண்ணு அவிஞ்சி பூட்ச்சா?”

இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது ஒன்று போய்க்கொண்டிருப்பது யாருக்கும் தெரியாது. வலி கிடையாது, நீர் வடியாது. இருக்கிற கண் இல்லாத கண்ணுக்கும் சேர்த்துப் பார்த்துக்கொண்டே இருக்கும். அவளைக் கையைப் பிடித்து டாக்டர் அறைக்குள் கூட்டிப் போனேன்.

என் கையெழுத்து

டாக்டர் விளக்கை வைத்து உள்ளே பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். “ரெண்டு கண்ணுலயும் நரம்பு பாதிச்சிருக்கும்மா. வலதுல ரொம்ப. பிரஷர் ஜாஸ்தியா இருக்கு.”

“எனக்கு ஏது பிரஷரு? போன மாசம் கேம்ப்புல கையில பட்டி சுத்திப் பாத்துட்டு கரீட்டா கீதுன்னாங்களே.”

“அது உடம்புல. இது கண்ணுக்குள்ள. கண்ணுக்கு ஏதாவது சொட்டு மருந்து போடறீங்களா?”

“அத்த கேளு! மூணு வேளையும் தவறாம போட்டுக்கினு கீறேன். நாலு வருசமா. கண்ணு செவந்தா ஒரு சொட்டு உட்டா போதும், வெள்ளை வெளேர்னு ஆயிடும். தங்கமான மருந்து.” சொல்லிக்கொண்டே இடுப்புச் சுருக்குப் பையைத் திறந்து ஒரு அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தாள். “மீன் தண்ணி பட்டா அயிஞ்சிடும்னு லேமினேசன் போட்டு வெச்சிருக்கேன். நம்ம மேடம் எய்தி குத்தது தான்.”

அது என் கையெழுத்துதான். நாலு முழத்துக்கு அப்பாலிருந்து பார்த்தே தெரிந்துவிட்டது.

எங்கள் கிளினிக்கில் ஒரு வழக்கம் உண்டு. பெரிய டாக்டரின் எழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும், அதுவும் ஆங்கிலம். அதனால் அவர் எழுதியதைப் பார்த்து நான் ஒரு சின்னச் சீட்டில் தமிழில் எழுதி, ரப்பர் ஸ்டாம்ப் அடித்துக் கொடுப்பேன். எந்த மருந்து, எந்தக் கண், எத்தனை வேளை. எல்லாரும் டாக்டர் சீட்டைத் தொலைத்துவிட்டு என் சீட்டைத்தான் வைத்துக்கொள்வார்கள். மெடிக்கல் ஷாப்பிலும் அதைக் காட்டினால் கொடுத்துவிடுவார்கள். தெற்கு மாட வீதியிலிருந்து வரும் ஒரு மாமி, “உன் சீட்ட ஆத்துல காலண்டர் பக்கத்துல ஒட்டி வெச்சுண்டிருக்கேன் வசந்தா, அச்சுல வார்த்தாப்ல இருக்கு” என்பார். எனக்குத் தலைகால் புரியாது. வேண்டுமென்றே இன்னும் கொஞ்சம் குண்டு குண்டாக எழுதுவேன்.

பவுனம்மாவின் சீட்டும் குண்டு குண்டாகத்தான் இருந்தது. மருந்தின் பெயர். இரண்டு கண்ணிலும் ஒரு சொட்டு. காலை, மதியம், இரவு. கீழே ஸ்டாம்ப். எத்தனை நாள் என்று மட்டும் இல்லை.

அந்த மருந்து ஸ்டீராய்டு. உப்புக் காற்றிலும் வெயிலிலும் உட்கார்ந்து கண் அரித்துச் சிவந்தால் ஒரு வாரத்துக்குக் கொடுப்பார்கள். உடனே கேட்கும். ஒரு வாரத்தில் நிறுத்திவிட வேண்டும். நிறுத்தாமல் போட்டால் சிலருக்குக் கண்ணின் பிரஷர் ஏறி, கொஞ்சம் கொஞ்சமாக நரம்பைத் தின்றுவிடும். தின்றது தின்றதுதான், எந்த மருந்துக்கும் திரும்பாது. இதெல்லாம் எனக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும்.

நாலு வருஷத்துக்கு முந்திய அந்த நாளை யோசித்துப் பார்க்கிறேன், ஒன்றும் ஞாபகம் வரவில்லை. கோயிலில் தேர் சமயமாக இருந்திருக்கலாம்; அப்போதெல்லாம் ஹாலில் கால் வைக்க இடமிருக்காது. ‘ஒரு வாரம் போட்டுட்டு வந்து காட்டு’ என்று வாயால் சொல்லியிருப்பேன். சொல்லியிருப்பேன் என்றுதான் சொல்ல முடியும், சொன்னேன் என்று சத்தியம் பண்ண முடியாது.

டாக்டர் சீட்டை எடுத்துப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி நின்றேன்.

“இந்த மருந்த இனிமே மூணு வேளையும் போடக் கூடாதும்மா. இதனாலதான் பிரஷர் ஏறியிருக்கு. பிரஷர் எறங்க வேற மருந்து தரேன். ரெண்டு வாரம் கழிச்சுக் கண்டிப்பா வரணும்” என்றாள் டாக்டர்.

பவுனம்மா தலையாட்டினாள். “எந்தப்பு தான் டாக்டரம்மா. நடுவுல ஒரு தபா வந்து காட்டியிருக்கணும். பொயப்பு உட்டா தான?” என்று சொல்லி, மேசையிலிருந்த சீட்டை எடுத்துத் துடைத்து மறுபடி சுருக்குப் பையில் போட்டுக்கொண்டாள்.

நான் கை நீட்டி அதை வாங்கியிருக்க வேண்டும். வாங்கினால் ஏன் என்று கேட்பாள். கேட்டால் சொல்ல வேண்டும். கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

ரெக்கார்டில் இருந்தது

மத்தியானம் சாப்பாட்டைத் திறக்காமல் பவுனம்மாவின் ஃபைலைத் தேடி எடுத்தேன். பெரிய டாக்டரின் கோழிக் கிளறலில் தெளிவாகவே இருந்தது: ஏழு நாள், ஒரு வாரத்தில் மறுபடி பார்க்க வேண்டும். அவர் எழுதியிருக்கிறார். நான் தமிழில் எழுதும்போது விட்டிருக்கிறேன்.

பாப்பாவிடம் காட்டினேன். அவள் பெருமூச்சு விட்டாள். “அப்பா சரியா எழுதியிருக்கார் ஆன்ட்டி. அவங்கதான் ரிவ்யூக்கு வரல. நம்ம மேல ஒண்ணும் வராது. விடுங்க.”

“அவகிட்ட சொல்லணும் பாப்பா.”

“சொல்லி? போன கண்ணு வந்துடுமா? இருக்கற ஒரு கண்ணக் காப்பாத்தணும். இப்ப போய் நம்ம மேல இருக்கற நம்பிக்கையும் போச்சுன்னா அவங்க வேற எங்கயும் போக மாட்டாங்க, மருந்தும் போட மாட்டாங்க. கொஞ்ச நாள் போகட்டும். யானைக்கும் அடி சறுக்கும் ஆன்ட்டி, நீங்க போட்டு மனச வருத்திக்காதீங்க.”

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. என் மேல் உள்ள பிரியத்தில் சொன்னாள். ஆனால் அதைக் கேட்டதும் எனக்குள் ‘அப்பாடா’ என்று இருந்ததே, அதையும் நான் எழுதித்தான் ஆக வேண்டும். சாயந்திரம் பஸ்ஸில் போகும்போது மனசுக்குள் ஒரு வழக்கே நடத்தினேன். கண் விஷயத்தில் நாலு வருஷம் ஒருத்தி வராமல் இருப்பாளா? மெடிக்கல் ஷாப்காரனாவது கேட்டிருக்க வேண்டாமா? அடையாறு பாலம் ஏறுவதற்குள் மொத்தப் பழியையும் ஆளுக்கொரு பங்காகப் பிரித்துக் கொடுத்துவிட்டேன். என் பங்கு ரொம்பச் சின்னதாக இருந்தது.

இறங்காத பிரஷர்

இரண்டு வாரத்தில் பவுனம்மா சொன்னபடி வந்தாள். இடது கண்ணில் முப்பத்து நாலு. இறங்கியிருக்க வேண்டிய அளவுக்கு இறங்கவில்லை. டாக்டர் இன்னொரு மருந்து சேர்த்தாள். ஃபீல்டு டெஸ்ட் எடுத்தோம். ஒரு கிண்ணத்துக்குள் முகத்தை வைத்து, சின்னச் சின்ன வெளிச்சம் மின்னும்போதெல்லாம் பட்டனை அமுக்க வேண்டும். எங்கே பார்வை இல்லையோ அங்கே பேப்பரில் கறுப்பாக வரும். வலது கண்ணுக்கு முக்கால்வாசியும் கறுப்பு. இடது கண்ணுக்கு ஓரத்தில் கறுப்பு, நடுவில் நல்ல வெளிச்சம். அந்த நடு வெளிச்சம்தான் அவளுடைய மிச்சச் சொத்து.

ஒரு மாதம் கழித்து மறுபடி வந்தாள். முப்பத்து மூன்று. மறுபடி ஃபீல்டு டெஸ்ட். கறுப்பு கொஞ்சம் உள்ளே நகர்ந்த மாதிரி இருந்தது.

“இனிமே மருந்து போதாதும்மா. ஆபரேஷன் பண்ணித்தான் பிரஷரக் கொறைக்கணும்” என்றாள் டாக்டர்.

முதல் தடவையாகப் பவுனம்மாவின் குரல் இறங்கிப் பார்த்தேன். “நல்லா கீற கண்ணுலயா கத்தி வெக்கணும்? ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா? டாக்டரம்மா, ஏலத்துல செவுளத் தூக்கிப் பாத்து தான் மீனு எடுக்கணும். செவப்பா கீதா, வெளுத்துப் பூட்ச்சான்னு. கண்ணு தெரியாதவன்னு தெரிஞ்சா நாறுனத எந்தலையில கட்டிட்டுப் போயினே இருப்பானுங்க. இந்தக் கண்ணும் பூட்ச்சுன்னா நான் இன்னா பண்ணுவேன்?”

யோசித்துச் சொல்லுங்கள் என்று டாக்டர் அனுப்பினாள். நான் ஹாலில் அவளை உட்கார வைத்து, தேதி குறிக்கக் குனிந்தேன். அப்போதுதான் கண்ணில் பட்டது. அவள் கண் வெள்ளை வெளேர் என்று இருந்தது.

இந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்கு இது தெரியும். நாங்கள் கொடுத்த பிரஷர் மருந்து கண்ணைச் சிவக்க வைக்கும். முதல் இரண்டு மூன்று மாதம் பத்துப் பேரில் பாதிப் பேராவது சிவந்த கண்ணோடு வந்து சண்டை போடுவார்கள். இவள் இரண்டு மருந்து போடுகிறாள், கண்ணோ மல்லிகைப் பூவாட்டம் இருக்கிறது.

“பவுனம்மா, புது மருந்து போட்டா கண்ணு செவக்கலியா?”

“செவக்காமயா? மொளகாத்தூளு பட்டாப்ல ஆயிடுது. அதான் அத்த ஊத்துனதும் நம்ம சீட்டு மருந்த ஒரு சொட்டு உட்டுக்குவேன். அடங்கிடும்.”

பேனாவைக் கீழே வைத்தேன். “டாக்டர் அதப் போடக் கூடாதுன்னு சொன்னாங்கல்ல?”

“மூணு வேளையும் போடாதன்னாங்க. போடறதில்லியே. செவந்தா மட்டும் தான். செவப்புக்குத் தான நீ எய்தி குத்த? சீட்டு தப்புன்னு யாரும் சொல்லல. டாக்டரம்மா சின்னப் பொண்ணு மேடம், அதுக்கு இன்னா தெரியும்? நீ அவங்க நைனா காலத்துலேர்ந்து கீற. உன் சீட்டு பொய்யாவுமா?”

இதற்கு மேல் எங்கே ஒளிவது? பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“அந்தச் சீட்டுதான் தப்பு பவுனம்மா. ஒரு வாரம் மட்டும் போட வேண்டிய மருந்து அது. டாக்டர் ஒரு வாரம்னு எழுதியிருக்கார். நான் தமிழ்ல எழுதும்போது அத விட்டுட்டேன். உன் கண்ணு போனது அதனாலதான். நான்தான் காரணம்.”

அவள் சுருக்குப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். “இத்த நீ எப்போ கண்டுபுடிச்ச?”

“நீ சீட்ட எடுத்துக் காட்டுனியே, அன்னிக்கு.”

“அன்னிக்கா? அப்போ ஒன்றர மாசமா தெரிஞ்சிக்கினேவா சும்மா இருந்த?” குரல் ஏறிவிட்டது. “எய்தும்போது மறந்துட்ட. சரி. மனுசங்க தான், கூட்டத்துல மறப்பாங்க. போன மாசம் என் மூஞ்சியப் பாத்துக்கினு தான நின்ன? அப்போவும் மறந்தா பூட்ட?”

நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது. ஹாலில் ஏழெட்டுப் பேர் சொட்டு மருந்து ஊற்றிக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்கள். அத்தனை பேரும் கண்ணைத் திறக்காமலேயே முகத்தை மட்டும் எங்கள் பக்கம் திருப்பினார்கள். டாக்டர் சத்தம் கேட்டு வெளியே ஓடி வந்தாள். “நாந்தாம்மா சொல்ல வேணாம்னு...” என்று ஆரம்பித்தாள்.

“நீ இரு டாக்டரம்மா. நான் மேடத்தாண்ட பேசிக்கினு கீறேன்” என்றாள் பவுனம்மா. சொன்னவள் திடீரென்று எழுந்து நின்றாள். கோபமெல்லாம் எங்கோ போய், முகம் வெளிறிவிட்டது. “ஐயய்யோ! இத்த ஜெராக்ஸ் எடுத்து எங்காளுங்க அல்லாரும் மருந்து வாங்கிக்கினு கீறாங்களே!”

ரோட்டோரத்தில்

மறுநாள் காலை நான் நொச்சிக்குப்பம் போனேன். “நான் சொன்னா கேக்க மாட்டாளுங்க. நல்லா கேக்குதுன்னு ஊரெல்லாம் தம்பட்டம் அட்ச்சதே நான் தான். நீ வந்து உன் வாயால சொல்லு” என்று பவுனம்மா சொல்லிவிட்டுப் போயிருந்தாள். காலையில் கிளம்பும்போது டாக்டர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “போங்க ஆன்ட்டி. எத்தன பேர் இருந்தாலும் கூட்டிட்டு வாங்க. இன்னிக்கு மதியம் அவங்களத் தவிர வேற யாரையும் பாக்கப் போறதில்ல” என்றாள்.

ரோட்டோரம் பலகை போட்டு வரிசையாகப் பெண்கள். வஞ்சிரம், சங்கரா, குவியலாக நெத்திலி. காரை நிறுத்தி விலை கேட்கிறவர்கள், கத்தி, செதில், தண்ணீர். பவுனம்மா குரல் கொடுத்ததும் ஏழு பேர் வந்து சுற்றி நின்றார்கள். அதில் சின்னவள் கவிதா, பவுனம்மாவின் அண்ணன் மகள், இறால் உரித்துக் கொடுக்கிறவள். இருபத்தைந்து வயதுகூட இருக்காது.

“இந்த மருந்து நல்ல மருந்துதான். ஆனா சில பேருக்கு, ரொம்ப நாள் போட்டா...” என்று இழுத்தேன்.

“சுத்தி வளைக்காத மேடம். என்னாண்ட சொன்ன மாதிரி சொல்லு” என்றாள் பவுனம்மா.

சொன்னேன். சீட்டு என்னுடையது, ஒரு வாரம் என்று எழுத விட்டுவிட்டேன், அதனால் பவுனம்மாவுக்கு ஒரு கண் போய்விட்டது, உங்களுக்கும் பார்க்க வேண்டும் என்று சொன்னேன். மீன் வாங்க வந்த ஒருவர் பையைப் பிடித்தபடி வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

“இன்னாம்மா இவ்ளோ சாதாரணமா சொல்ற? எங்க கண்ணுன்னா அவ்ளோ எளக்காரமா?” என்று ஒருத்தி பாய்ந்தாள். இன்னொருத்தி ரவிக்கைக்குள்ளிருந்து மருந்து பாட்டிலை எடுத்துப் பார்த்துவிட்டு ரோட்டில் விட்டெறிந்தாள். கவிதா மட்டும் தன் இடது கண்ணை மூடிக்கொண்டு, அந்தப் பக்கம் நிற்கும் படகைப் பார்த்தாள். பிறகு வலது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். அவள் அப்படிப் பார்ப்பதை என்னால் பார்க்க முடியவில்லை, தலை குனிந்துகொண்டேன்.

திட்டு வாங்கித்தான் ஆக வேண்டும், வாங்கினேன். கடைசியில் பவுனம்மாதான் போட்டாள் ஒரு அதட்டு. “போதும் நிறுத்துங்கடி. அப்பால திட்டிக்கலாம். வியாபாரம் முடிஞ்சதும் கிளம்பி நில்லுங்க.” இரண்டு ஷேர் ஆட்டோவில் அடைத்து ஏற்றிக்கொண்டு வந்துவிட்டாள்.

ஏழு பேர்

ஒவ்வொருவராக உள்ளே அழைத்துப் பிரஷர் பார்த்தேன். பதினாறு. பதினெட்டு. பதினைந்து. நாலாவது ஆளுக்கு இருபத்தாறு. நரம்பு நன்றாக இருந்தது, நிறுத்தினால் போதும். பிறகு இரண்டு பேருக்கு ஒன்றுமில்லை. கவிதாவை அவள் அத்தை கடைசியில்தான் உள்ளே விட்டாள்.

முப்பது.

எனக்கு மெஷினிலிருந்து கையை எடுக்கவே முடியவில்லை. “எத்தன நாளா போடற?” என்றேன். “ஒரு வருசம் இருக்கும் மேடம், அத்த தான் ஊத்தி உட்டுச்சு” என்றாள். டாக்டர் அறைக்குள் அனுப்பிவிட்டுக் கதவுக்கு வெளியே நின்றேன். பவுனம்மா ஹாலில் உட்கார்ந்திருந்தாள். அதுவரை வெளியே வந்த ஒவ்வொருத்தியையும் பிடித்து “இன்னா சொன்னாங்க, இன்னா சொன்னாங்க” என்று துளைத்தவள், இப்போது வாயைத் திறக்கவில்லை.

கால் மணி நேரம் ஆயிற்று. கவிதா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள். “நரம்பு நல்லா கீதாம் அத்த. மருந்த நிறுத்துனா எறங்கிடுமாம். கெட்டுப் போறதுக்குள்ள புட்ச்சிட்டாங்களாம்.”

பவுனம்மா அவள் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். பிறகு அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். தன் கண் போனது தெரிந்த அன்று அழாதவள், ஆபரேஷன் என்றபோது அழாதவள், ஹாலே திரும்பிப் பார்க்க அழுதாள். அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

“உன்ன அத்தினி பேர் முன்னாடி நிக்க வெச்சி கேட்டேனே மேடம். இவளுக்கு சீட்டக் குத்தது நான். ‘பயப்படாத, போடுடி, நல்லாயிடும்’னு தலையப் புட்ச்சி ஊத்தி உட்டதும் நான். என்ன யாரு கேக்கறது?”

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். இரண்டு பேரும் ஆட்டோ வரும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தோம்.

பிற்பாடு

பழைய மருந்தை முழுசாக நிறுத்தியதும் பவுனம்மாவின் இடது கண் மூன்று மாதத்தில் பதினேழுக்கு இறங்கியது. ஆபரேஷன் தேவைப்படவில்லை. கவிதாவுக்கும் இருபத்தாறு வந்தவளுக்கும் சரியாகிவிட்டது. பவுனம்மா இப்போதும் விற்கிறாள். ஏலத்தில் அவளுக்கு வலது கைப்பக்கம் கவிதா உட்கார்ந்துகொள்கிறாள். என்னை மன்னித்துவிட்டதாக அவள் சொன்னதில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் பாவம், சொல்ல வேண்டியிருக்குமே அவளுக்கு.

கிளினிக்கில் அதற்குப் பிறகு தமிழ்ச் சீட்டில் முதல் வரியே நிறுத்த வேண்டிய தேதிதான், சிவப்பு மையில். எழுதியதை டாக்டரின் சீட்டோடு வைத்து இன்னொருவர் படித்துப் பார்த்த பிறகே ஸ்டாம்ப். நான் வேலையை விட்ட பிறகும் அது நடக்கிறது. இந்த வேலைக்கு வருகிறவர்கள் இதையாவது செய்யுங்கள். ஆனால் இது சுலபமான பாடம். ஒரு சிவப்புப் பேனா இருந்தால் போதும்.

மற்றதுக்குப் பேனா உதவாது. பவுனம்மாவின் இடது கண்ணுக்கு எடுத்த இரண்டு ஃபீல்டு டெஸ்ட் பேப்பரையும் நான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பலமுறை பார்த்திருக்கிறேன். இரண்டாவதில் மூக்குப் பக்கம் கறுப்பு ஒரு விரல் அகலம் அதிகம். “அன்னிக்கு அவங்க டயர்டா இருந்திருக்கலாம் ஆன்ட்டி, டெஸ்ட்டுக்கு டெஸ்ட் இப்படி மாறும்” என்கிறாள் பாப்பா. மாறும்தான், எனக்குத் தெரியாதா? ஆனாலும் நான் அவள் சொல்வதை நம்பவில்லை. வலது கண் போனதற்கு மறதி என்று ஒரு காரணமாவது சொல்லிக்கொள்கிறேன். அந்த ஒரு விரல், எல்லாம் தெரிந்த பிறகு நான் வாயை மூடிக்கொண்டிருந்த ஒன்றரை மாதத்தில் போனது.